புன்னைக்காயல்: கரைக்கு வந்த திமிங்கலங்களும் கடலுக்குத் திருப்பிய மீனவர்களும்!

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போனால் உப்பளங்கள் முடிந்து ஆத்தூர் வரும். வெற்றிலைக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து கடலை நோக்கிச் சென்றால் புன்னைக்காயல். பொதிகை மலையில் பிறந்த தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் இதுதான். ஒருபக்கம் அலையாத்திக் காடு, மறுபக்கம் வரிசையாக நிற்கும் படகுகள், நடுவே தேவாலயம்.

முத்துக்குளித்துறையின் பழைய ஊர்களில் இதுவும் ஒன்று. போர்ச்சுக்கீசியர் காலத்தில் கோட்டை இருந்த ஊர். 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலைத் தமிழில் தந்த அன்ட்ரிக் அடிகளார் பல காலம் வாழ்ந்ததும் இங்கேதான்.

இந்தக் கடற்கரைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அது திமிங்கலங்களின் வரலாறு.

பொங்கல் நேரத்து விருந்தாளிகள்

2016 ஜனவரி 11 இரவு. மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலை என்று திருச்செந்தூரை ஒட்டிய கரைகளில் திமிங்கலங்கள் ஒதுங்கத் தொடங்கின. விடிந்து பார்த்தால் 80-க்கும் மேல்! 'பைலட் திமிங்கலம்' என்ற வகை. பெயர்தான் திமிங்கலம், உண்மையில் இது டால்பின் குடும்பம். நம் மீனவர்கள் சொல்லும் 'ஓங்கல்' இனத்துக்குப் பெரிய அண்ணன்!

அந்த விடியலில் பல மீனவர்கள் தொழிலுக்குப் போகவில்லை. கயிறு கட்டி, படகில் இழுத்து, ஒவ்வொன்றாக ஆழ்கடலில் கொண்டுபோய் விட்டார்கள். முதலில் 36 உயிர்கள் கடல் சேர்ந்ததாகக் கணக்கு. ஆனால், விட்டவற்றில் சில மறுபடியும் கரைக்கே திரும்பி வந்தன. பாடுபட்டு இழுத்துப் போனவர்களுக்கு அதைவிட வேதனை வேறு என்ன இருக்க முடியும்?

இறந்தவற்றைக் கரையிலேயே குழிதோண்டிப் புதைத்தார்கள்.

ஏன் திரும்பி வருகின்றன?

பைலட் திமிங்கலம் தனியாக வாழாது. குடும்பம் குடும்பமாக, ஆழ்கடலில் கணவாய் தேடித் திரியும். ஒன்று நோயுற்றோ வழிதவறியோ கரைப்பக்கம் வந்தால், மற்றவை அதை விட்டுப் போகாது. சரிவு குறைந்த மணல் கரையில், எழுப்பும் ஒலியின் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும் திறனும் தடுமாறும் என்கிறார்கள் விஞ்ஞானிகள். கரை ஏறிவிட்டால் சொந்த எடையே நெஞ்சை அழுத்தும், உடல் சூடேறும். கரையில் சொந்தம் தவித்துக்கொண்டிருந்தால், கடலில் விட்டது திரும்பி வரத்தானே செய்யும்?

இது முதல்முறையும் அல்ல. 1973 ஜனவரி 14, பொங்கல் நாளில், இதே மணப்பாடு பகுதியில் 147 பைலட் திமிங்கலங்கள் ஒதுங்கின. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகள் அன்று அதைப் பதிவு செய்து வைத்தார்கள். அந்தப் பதிவு இருந்ததால்தான், 43 ஆண்டுகள் கழித்து 'அதே இனம், அதே கரை, அதே மாதம்' என்று ஒப்பிட முடிந்தது. 2017 நவம்பரில் புன்னைக்காயல் கரைக்கே பைலட் திமிங்கலங்கள் வந்தன. சில இறந்தன, மற்றவற்றை ஊர்க்காரர்கள் கடலுக்குள் திருப்பி விட்டார்கள்.

நீங்களும் உதவலாம்

திமிங்கல ஆய்வு என்றால் பெரிய கப்பல் வேண்டும் என்பதில்லை. எங்கே, எப்போது, எத்தனை, என்ன நீளம், உயிரோடா இல்லையா என்ற விவரமும் நாலு போட்டோவும் விஞ்ஞானிகளுக்குப் பொக்கிஷம். இந்தியக் கடல் பாலூட்டிகளுக்கான ஆய்வு வலையமைப்பு ஒன்று, இப்படிப் பொதுமக்கள் தரும் தகவல்களையும் இணையத்தில் திரட்டுகிறது.

உயிரோடு ஒதுங்கியதைப் பார்த்தால் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஈரத்துணி போர்த்தி, நிழல் கொடுங்கள். தலை மேல் உள்ள மூச்சுத்துளையில் தண்ணீரோ மணலோ போகக் கூடாது. வாலையும் துடுப்பையும் பிடித்து இழுக்காதீர்கள். செல்ஃபிக்காகச் சுற்றி நிற்கவும் வேண்டாம்.

மாலையில் முகத்துவாரத்தில் நின்றால், ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம் தெரியும். படகு திரும்புகிறவர்களின் கண்கள் கரையை மட்டுமல்ல, அலையையும் பார்த்தபடியே வருகின்றன. மறுபடி ஒரு கூட்டம் வழிதவறி வந்தால், முதலில் தெரியப்போவது அவர்களுக்குத்தான்.