கேட்டில் நின்ற கார்

தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகிற சாலையில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்காதவர்கள் குறைவு. மன்னார்குடிக்கு 2011-இல் மறுபடி ரயில் விட்ட பிறகு கேட் மூடுவது இன்னும் கூடிப்போனது. அறுவடைக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றும் சரக்கு ரயில் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம். பெட்டிகளை முன்னும் பின்னும் இழுத்து முடிக்கும்வரை பஸ், டிராக்டர், கல்யாண வேன் எல்லாம் வரிசைதான்.

வெளியூர்க் கார்கள் படுத்துக்கொள்வதும் அந்த வரிசையில்தான். ஓடுகிற வண்டிக்கு எதிர்க்காற்று உண்டு. நிற்கிற வண்டிக்கு ரேடியேட்டர் ஃபேன்தான் கதி. ஏசியைப் போட்டுக்கொண்டு இன்ஜினை அணைக்காமல் நிற்கும்போது ஃபேன் ஓடவில்லை என்றால், சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடும்.

சில வருஷங்களுக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, ஆலங்குடி குருவைப் பார்க்கப் புறப்பட்ட ஆந்திரக் குடும்பம் ஒன்று இப்படித்தான் மாட்டிக்கொண்டது. கோயிலுக்கு இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர்தான். பானெட்டிலிருந்து ஆவி. கண்மூடித் திறப்பதற்குள் கூட்டம்; கூடிய எல்லாருமே மெக்கானிக். ஒருவர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொன்னார். ஓட்டிவந்த பையனும் கையை வைக்கப் போனான். டீக்கடைக்காரர் ஓடிவந்து தட்டிவிட்டார்: “கைய எடு தம்பி, மூஞ்சி வெந்துடும்!”

அவர் சொன்னது சரி. மூடி இறுக்கமாக இருக்கிறவரை உள்ளே அழுத்தம் இருக்கும். அதனால் 100 டிகிரிக்கு மேலே போனாலும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். திறந்த மாத்திரத்தில் பீறிட்டு அடிக்கும். அரைமணி நேரமாவது ஆறவிட வேண்டும். கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இரும்பே விரிசல் விடலாம்.

மெக்கானிக் கிடைப்பது இங்கே கஷ்டமில்லை. நிற்கிற இடத்தைச் சொல்வதுதான் கஷ்டம். இன்சூரன்ஸ்காரர்களுக்குப் போன் போட்டார்கள். எந்த ஊரிலோ உட்கார்ந்திருந்த பெண் பக்கத்தில் என்ன அடையாளம் என்று கேட்டாள். “சந்தானராமர் கோயில்னு சொல்லுங்க” என்றார் ஒருவர். “மூணாறு தலைப்புன்னு சொல்லுங்க” என்றார் இன்னொருவர். வெண்ணாறு பிரிகிற இடம் டெல்டா முழுக்கத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா? கடைசியில் சாலையோரத்து மஞ்சள் தலை மைல்கல்லைப் பார்த்து எண்ணைப் படித்துச் சொன்னோம். அதற்குள் தெருவிலிருந்து ஒரு பாட்டி வந்துவிட்டார். எங்கள் பக்கம் நாயக்கர் காலத்திலிருந்தே தெலுங்கு பேசுகிற வீடுகள் உண்டு. பாட்டியின் அடுப்படித் தெலுங்கு அவர்களுக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஆனாலும் அதுவரை காருக்குள்ளேயே இருந்த பெண்கள் இறங்கி நிழலுக்கு வந்தது அதைக் கேட்டுத்தான்.

இன்சூரன்ஸ் ஆள் வருவதற்குள் உள்ளூர்ப் பையன் ஒருவன் பார்த்துவிட்டான். ஃபேனுக்குப் போகிற ஃபியூஸ் எரிந்திருந்தது, அவ்வளவுதான். மாற்றிப் போட்டு, ஆறின பிறகு தண்ணீர் நிரப்பி அனுப்பினான்.

வழியில் நின்றுபோன வண்டி பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. பிரான்ஸில் அதற்காக 2008-லிருந்து ஒவ்வொரு காரிலும் ஒளிரும் சட்டையும் முக்கோணப் பலகையும் இருந்தே ஆக வேண்டும். நம் ஊரில் முக்கோணத்துக்குப் பதில் வேப்பங்கிளை, நாலு கருங்கல். கிளையைக் குறை சொல்ல மாட்டேன், பகலில் தூரத்திலிருந்தே தெரிகிறது. கல்தான் வினை. பழுதாகி நின்ற லாரி சரியாகிக் கிளம்பிப் போய்விடும், கல் அங்கேயே கிடக்கும். ராத்திரி பைக்கில் வருகிறவன் அதில் ஏறித் தலைகுப்புற விழுவான்.

தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033 இருக்கிறது, குறித்துக்கொள்ளுங்கள். போகிற வழியில் மைல்கல்லின் எண்ணைப் பார்த்துக்கொண்டே போங்கள். முள் ஏறினால் ஏசியை அணைத்து, சிரிக்காதீர்கள், ஹீட்டரைப் போடுங்கள். இன்ஜின் சூட்டைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். பிறகு ஓரங்கட்டி அணைத்துவிடலாம். வண்டி சரியாகிக் கிளம்பும்போது, வைத்த கற்களை நீங்களே எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள்.