கிளாம்பும் வஜ்ஜிரமும்

உளியைக் கண்டால் உளி என்று யாருக்கும் தெரியும். பழைய கருவிக் கடைகளில் பெயரிழந்து கிடப்பவை, ஒட்டும் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள்தான். இரண்டு சிறு மரவட்டுகளை ஒரு நீளத் திருகில் கோத்திருந்தால், கடைக்காரர் அதை அலமாரிக் குமிழ் என்று விற்பார். வயலின் பட்டறை மேசையில் அதே பொருள் கிட்டத்தட்ட முப்பது வரிசையாக நிற்கும். மேல்பலகையை விலா எனும் பக்கச்சுவரோடு ஒட்டும்போது விளிம்பைச் சுற்றிலும் மாட்டுவதற்கு. அந்த மேசையைப் பார்த்தபின் எனக்கு ஒன்று உறுதியாயிற்று: பழைய கிளாம்பை அடையாளம் காண அதில் பொறித்த பெயரைத் தேடுவதைவிட, அது எந்தப் பசைக்காகப் பிறந்தது என்று கேட்பதே நல்ல வழி.

நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்று சொல்லும் தோற்பசையைச் சூடாகத் தடவ வேண்டும். ஆறினால் கூழாக உறைந்துவிடும். கையில் இருப்பது சில நிமிடங்களே. ஆனால் உலரும்போது அது சுருங்கி, மரத்தைத் தானே உள்ளிழுக்கும். எனவே அந்தக் காலத்துக் கிளாம்புக்கு முரட்டுப் பலத்தைவிட வேகம்தான் முக்கியம். கிதார், பியானோ பட்டறைகளின் ‘கோ-பார்’ இதற்கு நல்ல சான்று. வேலைக்கும் மேலே உள்ள ஒரு தட்டுக்கும் நடுவே குச்சியை வளைத்துச் செருகினால், அது நிமிரப் பார்க்கும் விசையே அழுத்தம். அந்தத் தட்டு தொலைந்துபோனால் மிஞ்சுவது ஒரு கட்டுக் குச்சி. அதைக் கருவி என்று யார் நம்புவார்? இரண்டு கால் கொண்ட பெரிய ஆணிக்கொக்கி போன்ற இரும்புத்துண்டு இன்னொன்று. அதன் கால்களின் உட்புறம் மட்டும் சரிவாக இருக்கும். இரு பலகைகளும் சேரும் முனையில் அடித்தால், இறங்க இறங்கப் பலகைகளை நெருக்கும். உட்சரிவு இல்லையென்றால் அது வெறும் கொக்கிதான். 1959இல் ஃபெவிகால் என்ற வெள்ளைப் பசை வந்தபின் நம் ஊரில் வஜ்ஜிரச் சட்டி அடுப்பிலிருந்து இறங்கத் தொடங்கியது. வெள்ளைப் பசை நெடுநேரம் இறுக்கிப் பிடிக்கச் சொல்கிறது, அதற்கு இரும்புக் கிளாம்பே பொருத்தம்.

‘முத்திரையும் காப்புரிமைத் தேதியும் இருக்கும்போது ஊகம் எதற்கு?’ என்று கேட்கலாம். தேதி, உரிமை கிடைத்த ஆண்டைச் சொல்லும். அந்த வடிவம் பிறகு பல ஆண்டுகள் விற்றிருக்கும். எப்படிப் பிடிப்பது என்பதைத் தேதி சொல்லாது. இரண்டு மரத்தாடை, இரண்டு திருகு கொண்ட ‘ஹேண்ட் ஸ்க்ரூ’வை எடுத்துக்கொள்வோம். சிகாகோவின் அட்ஜஸ்டபிள் கிளாம்ப் கம்பெனி ஜோர்கென்சன் என்ற பெயரில் விற்றதில், இரும்புத் திருகின் பாதியில் வலமரை, மறுபாதியில் இடமரை. தாடைக்குள் சுழலும் நட்டுகள். தாடைகளைச் சாய்த்தே இறுக்கலாம். அதற்கு முந்தைய முழுமர வகையில், ஒவ்வொரு திருகும் ஒரு தாடையில் மட்டுமே மரையேறும், மற்ற தாடையில் அதற்கு மரை இல்லை. அதையும் சாய்த்து இறுக்கினால் மர மரை உதிரும். தாடைகளை இணையாக வைத்து நடுத்திருகால் பிடித்து, கடைசியில் வெளித்திருகால் நெருக்க வேண்டும்.

இரும்புக் கிளாம்பு மலிவாகக் கிடைக்கும்போது இந்த மரக் கிளாம்பு எதற்கு என்பதும் நியாயமான கேள்வியே. பெரிய மேசைப் பலகை ஒட்ட இது போதாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மரத்தாடை வேலையில் தழும்பு விடாது. மெழுகு தேய்த்திருந்தால் வழியும் பசையும் ஒட்டாது. அலங்காரப் பொருள் வியாபாரிகள்மீதுதான் எனக்குக் கோபம். சுவரில் புத்தகப் பலகையைத் தாங்கவென்று இதை விற்கிறார்கள், அதுவும் மரை முழுக்க வார்னிஷ் அடித்து. அந்தத் திருகு அதன்பிறகு சுற்றாது.