போர்க்கலைப் படமும் கிறிஸ்தவ இல்லமும்

குடும்பத்தோடு பார்க்கத் தகுந்த படம் எது என்னும் வினா, சினிமா தோன்றிய நாள்தொட்டு நம் வீடுகளிற் கேட்கப்பட்டு வருவதேயாம். படம் கொட்டகையை விட்டு வீட்டுக் கூடத்துக்கும் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்துவிட்ட இந்நாளில் அவ்வினா முன்னிலும் கூர்மை பெற்றுள்ளது. அன்று கொட்டகை வாயிலில் ஒருவன் நின்று தடுக்கக்கூடும். இன்று வீட்டிலே தடுக்கவும் விடுக்கவும் உரியவர் பெற்றோரே.

எம்மோடு ஆசிரியப் பணி புரியும் கிறிஸ்தவ நண்பர் ஒருவர் இவ்வினாவை எம்மிடம் விடுத்தார். “சேர், ‘7ஆம் அறிவு’ பார்க்க வேண்டுமென்று பிள்ளைகள் கரைச்சல் தருகிறார்கள். அடிதடி ஒருபுறம் கிடக்கட்டும். பௌத்த துறவி, மனவசியம் என்றெல்லாம் வருகிறதாம். எங்கள் வீட்டுக்கு அது சரிவருமா?” என்றார்.

கிறிஸ்தவ இல்லத்துக்கு ஏற்றது எது என்று சைவராகிய நாம் சொல்லலாமோ என்று சிலர் நினைக்கக்கூடும். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழ்வோர்க்கு இது புதுமையன்று. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள் புனித மிக்கேல் கல்லூரியிற் பயின்றவர். பின்னாளில் துறவு பூண்டு சைவப் பிள்ளைகளுக்கும் ஏனையோர்க்கும் கல்வி வழங்கியவர். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வாங்குகளில் எத்தனை தலைமுறைச் சைவப் பிள்ளைகள் அமர்ந்திருப்பர்! அயலவர் பிள்ளையின் நலம் நம் பிள்ளையின் நலமே என்ற உரிமையில் எழுதுகின்றோம்.

முதலிற் கதையைக் காண்போம். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கி, சூர்யா நடித்த இப்படம் 2011ஆம் ஆண்டுத் தீபாவளியையொட்டி வெளிவந்தது. பல்லவ அரச குலத்துப் போதிதர்மர் சீன நாட்டுக்குச் செல்கிறார். கொடிய நோய் கண்டமையால் ஊரார் ஒதுக்கிவைத்த குழந்தையைக் குணப்படுத்துகிறார், கொள்ளையரை அடக்குகிறார், ஊரார்க்கு மருத்துவமும் போர்க்கலையும் பயிற்றுகிறார். அவர் உடல் தம் மண்ணிற் புதைக்கப்பட்டால் நோய் அணுகாது என நம்பிய ஊரார், உணவில் நஞ்சு கலந்து கொடுக்கின்றனர். அறிந்தே அவர் அதை உண்கிறார். பிற்பகுதி இக்காலச் சென்னையில் நடப்பது. சீனத்திலிருந்து வந்த பகைவன் ஒருவன் நோய்க்கிருமியைப் பரப்ப முயல்கிறான். போதிதர்மரின் வழித்தோன்றலாகிய சர்க்கஸ் கலைஞனும் மரபணு ஆராயும் மாணவியும் அவனை எதிர்க்கின்றனர்.

நண்பரின் ஐயங்களை ஒவ்வொன்றாக ஆராய்வோம். பௌத்த துறவி தலைவனாக வருவது ஒன்று. படத்திலே வழிபாட்டுக்கு அழைப்போ, மதமாற்றப் போதனையோ இல்லை. நோயாளியைத் தொட்டுக் குணமாக்கும் மனிதரையே காண்கிறோம். ஒதுக்கப்பட்ட தொழுநோயாளியைத் தொட்டுச் சுகமாக்கிய இயேசுவின் வரலாற்றை ஞாயிறு பாடசாலையிற் கேட்ட பிள்ளைக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

மனவசியமும், முன்னோரின் ஆற்றல் மரபணு வழியே மீண்டும் விழிப்பதும் மற்றொன்று. இவை கற்பனை என்று பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லிவிடல் வேண்டும். நாட்டங்கள் குருதி வழி வரலாமேயன்றி, ஒருவர் கற்ற வித்தை நூற்றாண்டுகள் கடந்து ஊசி மருந்தால் விழிக்கும் என்று அறிவியல் கூறவில்லை. வரலாறும் படம் காட்டும் அளவுக்குத் திட்டமானதன்று. 547ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட சீன நூலொன்று போதிதர்மரைப் பாரசீகர் என்கிறது; வேறு பழைய குறிப்புக்கள் தென்னிந்தியர் என்கின்றன. சாவோலின் மடத்துப் போர்க்கலைக்கு அவரே தந்தை என்னும் செய்தி 17ஆம் நூற்றாண்டளவில் எழுந்த நூலொன்றையே பெரிதும் சார்ந்தது. தமிழன் என்ற பெருமை நன்றே. ஆயின் பொய்யை ஊன்றுகோலாகக் கொண்ட பெருமை நெடுந்தூரம் நடவாது.

எஞ்சியது அடிதடி. இங்கேதான் நாம் சற்றுத் தயங்குகிறோம். வீரத்தைப் பற்றிய படமெல்லாம் தீயவையல்ல. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாடுகளிற் பெருமிதத்தையும் வெகுளியையும் வெவ்வேறாக வைத்தார். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கும் பெருமிதத்துக்குப் பிறப்பிடம். உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொல்லுதல் என்பன வெகுளிக்குப் பிறப்பிடம். போர்க்கலைப் படம் எதையும் அளப்பதற்கு இதனினும் நல்ல கோல் எமக்குத் தெரியவில்லை. 1984இல் வந்த ‘கராத்தே கிட்’ என்னும் அமெரிக்கப் படத்திலே முதிய ஆசான் காரைத் துடைக்கவும் வேலிக்கு வர்ணம் பூசவும் வைத்தே சிறுவனுக்குக் கலையைப் பயிற்றுகிறார். அங்கே கல்வி முன்னிற்கிறது. ‘7ஆம் அறிவி’ன் முற்பகுதியிற் கல்வியும் கொடையும் உள்ளன. பிற்பகுதியிலோ பகைவன் தன் பார்வையால் வழிப்போக்கரையும் காவலரையும் மயக்கி, பிறரைக் கொல்லவும் தம்மைத்தாமே மாய்த்துக்கொள்ளவும் ஏவுகிறான். அக்காட்சிகள் நீண்டவை, இரத்தமும் மிகுதி.

வேறோர் ஊரில் இதைச் சிறு குறையாகக் கொள்ளலாம். நம் ஊரில் அவ்வாறு கொள்ளுதல் இயலாது. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலே குண்டு வெடித்தது. வழிபட வந்த பெரியோரோடு சிறுவர்களும் மாண்டனர். ஒருவன் மனம் மயக்கப்பட்டுத் தன்னையும் பிறரையும் அழிப்பதென்பது இங்குள்ள பிள்ளைகள் பலருக்கு வெறும் திரைக்கற்பனையன்று. தோழனையோ உறவினரையோ இழந்த பிள்ளையை அத்தகைய காட்சியின் முன் இருத்துவது எந்தச் சமயத்தாருக்கும் தகாது.

பவுல் அடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை நண்பருக்கு நினைவூட்டினோம். விக்கிரகங்களுக்குப் படைத்த உணவு தேறிய மனத்தானைக் கெடுக்காது. எனினும் பலவீனமான மனச்சாட்சி உடையவன் அதனால் இடறுவானாயின் அவனுக்காக அதைத் தவிர்ப்பதே அன்பு என்பது அதன் கருத்து. படத்துக்கும் இது பொருந்தும். ‘தகுமா?’ என்ற வினாவோடு ‘யாருக்கு?’ என்பதையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும்.

அதன்பின் நண்பர் தாம் முதலிற் படத்தைத் தனியே பார்த்தார். விடுமுறை நாளொன்றில் எம்மையும் அழைத்து, முற்பகுதியை மட்டும் பிள்ளைகளுக்குக் காட்டினார். ஒன்பது வயது மகள், “நஞ்சு என்று தெரிந்தும் ஏன் அப்பா சாப்பிட்டார்?” என்றாள். உயர்தர வகுப்பிற் பயிலும் அண்ணன், “அவர்கள் கேட்டதைக் கொடுத்தார்” என்றான். “கொடுத்தவர் நல்லவர்தான், கேட்டவர்கள் செய்தது சரியா?” என்று தாயார் கேட்டார். அரைமணி நேரம் அவ்வீட்டில் நிகழ்ந்த உரையாடலை நாம் எந்த வகுப்பறையிலும் கேட்டதில்லை. பிற்பகுதியை மூத்தவன் பின்னர் தந்தையோடிருந்து பார்த்தான். சிறியவளுக்கு அது காட்டப்படவில்லை. அவளும் அதைக் கேட்டு அழவில்லை.

ஆதலின் எமது துணிபு இது: பத்து வயதுக்குட்பட்டோர்க்கு முற்பகுதி போதும், பதினைந்து கடந்தோர் முழுவதையும் பெரியவரோடிருந்து பார்க்கலாம், இடைப்பட்டோரைப் பற்றி அவரவர் மனநிலையை அறிந்த தாய் தந்தையரே தீர்மானிக்க வேண்டும். சைவ வீட்டுக்கும் இஸ்லாமிய வீட்டுக்கும் இதே விதியைத்தான் சொல்வோம். பிள்ளையின் கைப்பேசியைப் பறிப்பது எளிது. அருகே அமர்ந்து இரண்டு மணி நேரம் உடன் பார்ப்பதும், அது எழுப்பும் வினாவுக்கு விடை சொல்வதுமே அரிது. அந்த அரிய செயலைச் செய்யும் வீட்டுக்கு எந்தப் படத்தாலும் பெருந்தீங்கு நேராது.