எலிக்கு வாந்தி வராது

எலிக்கு வாந்தி வராது. விஷத்தைத் தின்றாலும் திருப்பித் துப்ப அதன் உடம்பில் வழியில்லை. இரைப்பையின் மேல் வாசல் அத்தனை இறுக்கம். அப்படிப்பட்ட பிராணியை வைத்துத்தான் மனிதருக்கு வரும் நெஞ்செரிச்சலை ஆராய்கிறார்கள் என்பது எம்.ஃபார்ம் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தலைப்பை எடுத்ததே அம்மாவால்தான். எங்களுக்கு எண்ணூர், நெட்டுக்குப்பம். அம்மா விடிகாலை மூன்று மணிக்கு வெறும் வயிற்றில் ஒரு டீ குடித்துவிட்டு காசிமேட்டுக்குக் கிளம்புவாள். ஏலத்தில் எடுத்த மீனை எர்ணாவூரில் விற்பாள். குனிந்து கூடையைத் தூக்கும்போதெல்லாம் புளித்த தண்ணி தொண்டைக்கு ஏறும். முந்தானை முடிச்சில் காசோடு ஜெலுசில் மாத்திரையும் இருக்கும். "பச்ச மொளகாய நெஞ்சுல தேச்ச மாரி கீதுடி" என்பாள்.

எலிகள் மாதவரத்தில் இருக்கும் கால்நடைப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தன. வெள்ளை விஸ்டார் எலிகள், குழுவுக்கு ஆறு. 1998 விதிகளின்படி எத்தனை எலி, எதற்காக, வலி தெரியாமலிருக்க என்ன ஏற்பாடு என்று எழுதிக் கொடுத்து, கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும்.

எலிக்குத் தானாக வராததை நாம்தான் வரவைக்க வேண்டும். ஒரு நாள் பட்டினி. பிறகு மயக்க மருந்து. வயிற்றைத் திறந்து, இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்குப் போகும் வாசலைப் பட்டு நூலால் கட்டுவோம். எலிக்கு முன்வயிறு என்று ஒரு பை உண்டு. நமக்கு அது கிடையாது. அது இரைப்பையோடு சேரும் இடத்தில் இன்னொரு கட்டு. இனி சுரக்கிற அமிலத்துக்குக் கீழே இறங்க வழியில்லை, தங்கவும் இடமில்லை. உணவுக்குழாய்க்குள் ஏறும். ஆறு மணி நேரம் கழித்து எலியைக் கொன்று, உணவுக்குழாயை நீளவாக்கில் வெட்டி விரித்து, சிவப்பையும் புண்ணையும் பார்த்து மார்க் போடுவோம். நம் ஃபார்மசி கல்லூரிகளில் மூலிகைச் சாறுகளைச் சோதிக்கப் பரவலாகக் கையாளும் முறைகளில் இது ஒன்று.

இதற்கு 'விலங்கு மாதிரி' என்று பெயர். தமிழில் 'மாதிரி' என்றால் 'போல' என்றும் பொருள். எவ்வளவு போல? எலியின் உணவுக்குழாய் உட்தோல் மேல் கெரட்டின் படலம் உண்டு, சளிச் சுரப்பிகள் கிடையாது. நமக்கு நேர்மாறு. அம்மாவுக்கு இது பதினைந்து வருட நோய். எலிக்கு ஆறு மணி நேரம்.

ஆனால் அதே எலியை வேறு விதமாகவும் கேட்கலாம். அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில் ரோண்டா சௌசா, ஸ்டூவர்ட் ஸ்பெக்லர் குழுவினர் எலியின் உணவுக்குழாயைச் சிறுகுடலோடு இணைத்துத் தைத்துவிட்டு, வாரக்கணக்கில் கவனித்தார்கள். அமிலம் மேல்தோலைச் சுட்டு, அப்புறம் உள்ளே இறங்கும் என்றுதான் அதுவரை பாடம். 2009இல் அவர்கள் வெளியிட்டது வேறு. மூன்றாம் நாள் மேல்தோல் முழுசாக இருக்கும்போதே, அடியில் லிம்போசைட் என்ற வெள்ளையணுக்கள் கூடிவிட்டன. மேலே புண் தெரிய நான்கு வாரம் ஆனது. 2016இல் 12 நோயாளிகளுக்கு மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் பார்த்தபோது, மனிதரிலும் வீக்கம் அதே போல அடியிலிருந்து தொடங்குவதற்கான அறிகுறிகள் தெரிந்தன. அமிலம் நேராகச் சுடுவது மட்டுமில்லை. அது உசுப்பிவிட, நம் உடம்பின் காவல் அணுக்களே புண்ணை உண்டாக்குகின்றன. ஆறு மணி நேரத்தில் முடிந்துபோகும் என் எலியால் இதைச் சொல்லியிருக்க முடியாது. எந்த விலங்கு என்பதைப் போலவே எவ்வளவு நாள் பார்க்கிறோம் என்பதும் முக்கியம்.

போன வருடம் அம்மா சாப்பிடும்போது, "சோறு நெஞ்சுல நிக்குதுடி" என்றாள். எனக்குக் கை சில்லிட்டது. நாள்பட்ட எதுக்களிப்பு சிலருக்கு உணவுக்குழாயின் உட்தோலையே மாற்றிவிடும், அது புற்றுநோய் வரை போகலாம் என்று படித்தவள் நான். எண்டோஸ்கோபிக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்றாள்.

"உன் எலிக்கு சரியாச்சு இல்ல? அந்த மருந்தையே எனக்கும் குடு."

"எலி செத்துப்போச்சும்மா. எல்லா எலியும்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது இன்னாடி பாவம் பண்ணுச்சு?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவளாகவே ஸ்டான்லிக்குக் கிளம்பினாள்.

புண் ஆறி ஆறி ஒரு இடத்தில் குழாய் சுருங்கியிருந்தது. விரித்துவிட்டார்கள். சதைத்துணுக்குப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை என்று வந்த தாளை, அம்மா மீன் வாசத்தோடு மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்திருக்கிறாள். இப்போது தினமும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் ஒரு மாத்திரை. குனியாதீங்க என்று டாக்டர் சொன்னதற்கு, "குனியாம மீன் எப்டி விக்கிறது?" என்று அவரிடமே கேட்டாள்.

குனிவதைப் பற்றி எந்த எலியிடமும் நாங்கள் கேட்டதில்லை. எர்ணாவூரில் அவள் உட்காரும் இடத்தில் இப்போது இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை போட்டிருக்கிறோம். அதன் மேல்தான் கூடை.