மலையேத்தின கோச்சும் நான் போட்ட கையெழுத்தும்

போன மாசம் ஒரு சனிக்கிழமை, ஆபீஸ் ஆணி எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு, நண்பர்கள் நாலு பேரோட ஏற்காடு கிளம்பினேன். பெங்களூர்ல காலங்காத்தால வண்டியை எடுத்தா, சேலம் வந்து அடிவாரத்துல ஒரு டீ அடிச்சிட்டு மத்தியான சாப்பாட்டுக்கு மேல போயிடலாம். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு. அஞ்சாவது வளைவு தாண்டும்போது எனக்கு கெண்டைக்கால் இழுத்துப் பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. கார்ல சொகுசா உக்காந்துட்டு வர்றவனுக்கு எதுக்குய்யா கால் வலிக்கணும்? அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கங்க மக்களே :-)

நான் படிச்சது சேலத்துக்குப் பக்கத்துல ஒரு இன்ஜினியரிங் காலேஜ். பேர் வேண்டாம். 2014-ல சேர்ந்தேன். ஃபுட்பால் டீம்னு ஒண்ணு இருந்துச்சு. மண்டலப் போட்டிக்குப் போவோம், முதல் மேட்ச்லயே அஞ்சோ ஆறோ கோல் வாங்குவோம், வர்ற வழியில பரோட்டா சாப்பிட்டுட்டு ஹாஸ்டலுக்கு வந்துருவோம். உண்மையைச் சொன்னா டீமே ஓ.டி.க்காகத்தான். கிளாஸுக்குப் போகாமலே அட்டெண்டன்ஸ் கிடைக்குதுன்னா எவன் விடுவான்? நான் ரைட் பேக். எங்க டிஃபென்ஸ்ல ரைட்டுல ஒரு ஓட்டைன்னா, அந்த ஓட்டைக்குப் பேர் நான்.

2016 ஜூன்ல புதுசா ஒரு கோச் வந்தார். குள்ளமா இருப்பார், சத்தமே போட மாட்டார். காலைல 5.45-க்கு கிரவுண்டுல இருக்கணும்னு நோட்டீஸ் போட்டார். முதல் நாள் வந்தது அஞ்சு பேர். கோச் யாரையும் திட்டலை, கூப்பிட்டு அனுப்பவும் இல்லை. அந்த அஞ்சு பேரை வச்சு பிராக்டிஸ் நடத்திட்டுப் போயிட்டார். ரெண்டு வாரம் கழிச்சு டீம் லிஸ்ட் ஒட்டினப்போ நாலு சீனியருங்க பேரைக் காணோம். என் பேரு இருந்துச்சு, ஆனா பெஞ்ச்ல. என் இடத்துல ஃபர்ஸ்ட் இயர் ஹாஸ்டல் பையன் ஒருத்தன். ஒல்லிக்குச்சி. ஒழுங்கா ஒரு பந்தைத் தலையால முட்டத் தெரியாது. நான் கொதிச்சுப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை ஆனா எல்லாரையும் பஸ்ல ஏத்தி அடிவாரத்துல இறக்கிடுவார். அங்கருந்து அஞ்சாவது வளைவு வரைக்கும் ஓட்டம், நடந்து இறங்கணும், மறுபடியும் ஓட்டம். மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் பஸ்லயே மேல வரைக்கும் கூட்டிட்டுப் போய் ஏரிக்கரையில பஜ்ஜி வாங்கித் தருவார். அவர் கைக்காசு. அப்போ அதெல்லாம் எங்களுக்குப் பெருசா தெரியலை. கால் வலிதான் தெரிஞ்சுது.

அந்த வருஷ ரிசல்ட்? மண்டலப் போட்டியில முதல் மேட்ச்லயே அவுட். 1-0. கடைசி நிமிஷங்கள்ல ஒரு பெனால்டி. அதுக்கு முன்னாடி ஆடின எட்டு சினேக மேட்ச்ல ஜெயிச்சது ஒண்ணு, டிரா மூணு, தோத்தது நாலு. ஆறு கோல் வாங்கிட்டு இருந்த டீம் ஒரு கோல்தான் வாங்குதுங்கிறதை நாங்க யாரும் எண்ணிப் பாக்கலை. "தோத்துட்டோம்"ங்கிற ஒரு வார்த்தை மட்டும்தான் மண்டையில நின்னுச்சு.

சீனியருங்க சேந்து பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் எழுதினாங்க. பயிற்சி முறை சரியில்லை, மூத்த மாணவர்களை மதிப்பதில்லை, ரிசல்ட் இல்லை. மொத்தம் பதினாலு கையெழுத்து. ஆறாவது என்னோடது. 2017 ஏப்ரல்ல கோச்சோட வேலையை நீட்டிக்கலை.

அடுத்த ஜூன்ல வேற கோச் வந்தார். நல்ல மனுஷன், குறை சொல்ல எதுவும் இல்லை. இருந்த பசங்களை அப்படியே வச்சுக்கிட்டு, உயரமான பையன் ஒருத்தனை மட்டும் முன்னாடி நிறுத்தினார். அந்த வருஷம் மண்டல ஃபைனல் வரைக்கும் போனோம். பெனால்டியில தோத்தோம். அந்த ஒல்லிக்குச்சிதான் ரைட் பேக். நான் கடைசி இருபது நிமிஷம் இறங்கினேன். மெடல் கிடைச்சுது. காலேஜ் ஆண்டு மலர்ல டீம் போட்டோ, நடுவுல புது கோச். அதுக்கு முந்தின வருஷ கோச் பேர் எங்கயும் இல்லை.

ஒரு கோச் ஜெயிச்சாரா தோத்தாரான்னு எதை வச்சுச் சொல்றது? இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகாததுக்கு இன்னொரு காரணம் நம்ம சென்னையின் எஃப்.சி. நாங்க ஃபைனல் தோத்த அதே சீசன், 2018 மார்ச் 17, ஹாஸ்டல் டி.வி. ரூம்ல கூட்டமா உக்காந்து பாத்தோம். பெங்களூருவை அவங்க ஊர்லயே 3-2-ன்னு அடிச்சு ஐ.எஸ்.எல். கோப்பை. கோச் ஜான் கிரிகரி, அந்த சீசன்தான் புதுசா வந்தவர். தலையில தூக்கி வச்சு ஆடினோம்.

அடுத்த சீசன் அதே கிரிகரி. 18 மேட்ச், 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. 9 பாயிண்ட், கடைசி இடம். ஒரே வருஷத்துல மனுஷனுக்கு ஃபுட்பால் மறந்தா போச்சு? நிர்வாகம் பொறுமையா அவரையே வச்சுக்கிச்சு. வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, கோயான்னு புது ஆளுங்க வந்தாங்க. 2019-20 ஆரம்பத்துல ஆறு மேட்ச்ல 5 பாயிண்ட்தான். நவம்பர் கடைசியில கிரிகரி விலகினார்.

டிசம்பர்ல ஓவன் கோயில் வந்தார், ஸ்காட்லாந்துல பிறந்தவர். சீசன் நடுவுல புது டீமா வாங்க முடியும்? இருந்த பசங்கதான். அவங்களை வச்சு மீதி 12 மேட்ச்ல 24 பாயிண்ட். நாலாவது இடம் பிடிச்சு, அரையிறுதியில கோவாவை ரெண்டு மேட்ச்லயும் சேத்து 6-5-ன்னு தாண்டி, ஃபைனல். 2020 மார்ச் 14, கொரோனா பயத்துல ஆளே இல்லாத ஃபட்டோர்டா மைதானத்துல ஏ.டி.கே.கிட்ட 3-1-ன்னு தோத்தாங்க. வால்ஸ்கிஸுக்கு 15 கோல், தங்கக் காலணி.

இப்போ சொல்லுங்க. அந்த டீமைக் கட்டினது யாரு? ஆளைக் கொண்டு வந்தப்போ இருந்தது கிரிகரி. ஆட வச்சது கோயில். கிரிகரி போயிருக்கக் கூடாதுன்னு நான் சொல்ல வரலை; அந்த ஆறு மேட்ச்ல நாலுல ஒரு கோல்கூட இல்லை. ஆனா அவர் காலத்துல வந்த ஆளுங்க இல்லாம கோயில் என்ன பண்ணியிருப்பார்?

கதை அதோட முடியலை. கோயில் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் போனார். அடுத்த சீசன் சென்னை எட்டாவது இடம். ஜாம்ஷெட்பூர் 2021-22-ல 20 மேட்ச்ல 43 பாயிண்ட் எடுத்து லீக் ஷீல்டு வாங்குச்சு. அடடா, கோயில்தான்யா மந்திரவாதின்னு முடிவு பண்ணினோம். 2023-ல அவர் திரும்ப சென்னைக்கே வந்தார். முதல் சீசன் ஆறாவது இடம், சரி. அடுத்த சீசன் 13 டீம்ல 11-வது. அதே ஆளு, அதே ஊரு. வெறும் டேபிளைப் பாத்துத் தீர்ப்பு எழுதினா ஒரே மனுஷனுக்கு மூணு தீர்ப்பு எழுத வேண்டி வரும்.

இன்னும் பின்னாடி போனா நம்ம சையது அப்துல் ரஹீம். 'மைதான்' படம் வந்தப்புறம் நிறைய பேருக்குத் தெரிஞ்ச பேரு. 1951 ஆசிய விளையாட்டுல தங்கம். அடுத்த வருஷமே ஹெல்சிங்கி ஒலிம்பிக்ல யூகோஸ்லாவியாகிட்ட 10-1. பத்து! நம்ம ஆளுங்க நிறைய பேரு வெறுங்கால்ல ஆடின காலம். எங்க காலேஜா இருந்தா அன்னிக்கு ராத்திரியே லெட்டர் ரெடியாகியிருக்கும். ஆனா அவர்தான் 1956 மெல்போர்ன்ல இந்தியாவை நாலாவது இடத்துக்குக் கொண்டு போனார், 1962 ஜகார்த்தாவுல மறுபடி தங்கம் வாங்கிக் கொடுத்தார்.

அதுக்காக எல்லா கோச்சுக்கும் பத்து வருஷம் குடுன்னு சொன்னா அதுவும் தப்பு. மான்செஸ்டர் யுனைடெட்ல ஃபெர்குசன் 1986-ல வந்து முதல் கோப்பைக்கு 1990 வரைக்கும் காத்திருந்தார்ங்கிற கதையை, தோக்குற கோச் எல்லாரும் கேடயமா தூக்கிட்டு வருவாங்க. காத்திருந்த எல்லாரும் ஃபெர்குசன் ஆகிடலை. காத்திருக்கிறப்போ எதைப் பாக்கணும்ங்கிறதுதான் விஷயம்.

எனக்குத் தோணுறது இதான். வந்தப்போ கையில என்ன இருந்துச்சு? தோக்குற விதம் மாறுதா, ஆறு கோல் ஒரு கோலாச்சா? பெஞ்ச்ல இருக்கிற சின்னப் பசங்க மூணு மாசத்துல தேறுறாங்களா? ரொம்ப முக்கியமா, அவர் போனப்புறம் என்ன மிச்சம் இருக்கு? கடைசிக் கேள்விக்கு அவர் இருக்கும்போது பதில் கிடைக்காது. அதுதான் இதுல பெரிய கொடுமை. எங்க கோச்சுக்கு நாலுலயும் நல்ல மார்க். நாங்க பாத்தது அஞ்சாவதா ஒண்ணு: நான் டீம்ல இருக்கேனா இல்லையா. ஒல்லிக்குச்சி இடத்துல நான் ஆடியிருந்தா அந்தக் கையெழுத்தைப் போட்டிருக்கவே மாட்டேன். இதை எனக்கு நானே ஒத்துக்க இத்தனை வருஷம் ஆச்சு.

ஏற்காட்டுல ஏரிக்கரையில பஜ்ஜியைக் கையில வச்சுக்கிட்டு ஒல்லிக்குச்சிக்குப் போன் அடிச்சு கோச் நம்பர் வாங்கினேன். பத்து நிமிஷம் தயங்கிட்டு கோச்சுக்கே அடிச்சேன்.

"சொல்லு கண்ணு, யாரு?"

பேரைச் சொன்னேன். உடனே கண்டுபிடிச்சிட்டார். இப்போ மேட்டூர் பக்கம் ஸ்கூல் பசங்களுக்குச் சொல்லித் தர்றாராம். சுத்தி வளைக்காம, "சார், அந்த லெட்டர்ல நானும் கையெழுத்து போட்டேன் சார்"னு சொல்லிட்டேன்.

சிரிச்சார். "தெரியும் கண்ணு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாங்களே. பதினாலு பேர்ல உன் கையெழுத்து மட்டும்தான் தமிழ்ல இருந்துச்சு."

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு. அவரே பேசினார். "அதுல ஒண்ணு நீங்க எழுதினது சரிதான். அந்த நாலு பசங்களை எடுத்தப்போ ஏன் எடுத்தேன்னு கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். லிஸ்ட்ட ஒட்டிட்டுப் போனது என் தப்பு. இப்பல்லாம் சொல்லிடறேன்."

"ரிசல்ட் இல்லைன்னு எழுதினோமே சார்..."

"ஜூன்ல காலைல அஞ்சு பேர் வந்தீங்க. மார்ச்ல பத்தொன்பது பேர். நோட்டுல இருக்கு. எனக்கு அதான் ரிசல்ட். ரைட் பேக் பையன் இன்னும் ஆடுறானா?"

"ஆடுறான் சார். கம்பெனி டீம்ல."

"நீ?"

இல்லை சார்னு சொன்னேன். "வயித்தைக் குறை"ன்னு சொல்லிட்டு வச்சிட்டார். போன்ல எப்படித் தெரிஞ்சுதோ!

பஜ்ஜி ஆறிப் போயிருந்துச்சு. சாப்பிட்டேன்.

நீங்களும் ஸ்கூல்லயோ காலேஜ்லயோ ஆபீஸ்லயோ இந்த மாதிரி ஒரு லெட்டர்ல கையெழுத்து போட்டிருப்பீங்க, இல்லை போட மாட்டேன்னு நின்னிருப்பீங்க. நின்னவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. உங்களைப் பாத்து எனக்குக் கொஞ்சம் பொறாமை.

டிஸ்கி: திரும்பி வர்றப்போ அஞ்சாவது வளைவுல வண்டியை நிறுத்தச் சொல்லி அடிவாரம் வரைக்கும் நடந்தே இறங்கினேன். ரெண்டு நாள் நொண்டினேன். ஆபீஸ்ல கேட்டவங்ககிட்ட ஃபுட்பால் ஆடினேன்னு சொல்லி வச்சிருக்கேன். யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க :-)