கிட்டங்கியில் வைக்க முடியாத சரக்கு

மின்சாரத்தையும் ஏலம் போட்டு விற்கிறார்கள் என்று சொன்னால் நம்மவரில் பலர் வியப்படைகிறார்கள். சுவிட்சைத் தட்டுகிறோம், வெளிச்சம் வருகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வருகிறது. இடையில் ஒரு சந்தை இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் 2008ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் இந்திய எரிசக்திப் பரிமாற்றகம் திறக்கப்பட்டதிலிருந்து அச்சந்தை நாள்தோறும் கூடிக்கொண்டிருக்கிறது. மிளகுச் சந்தையின் வாசலில் வளர்ந்தவன் என்ற உரிமையில் அதைப் பற்றிச் சில சொற்கள் எழுத விரும்புகிறேன். நான் படிப்பது பௌதிகம், பொருளாதாரம் அன்று. ஆனாலும் மின்சாரம் பௌதிகத்தின் பிள்ளை. அதைச் சந்தைக்கு அழைத்துப் போகிறவர்கள் எங்களையும் ஒரு வார்த்தை கேட்கலாம் அன்றோ?

எங்கள் குடும்பம் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்தது. அப்பா ஒரு மிளகு வியாபாரியிடம் கணக்குப் பிள்ளையாக இருக்கிறார். சரக்கு வைக்கும் இடத்தை எங்கள் ஊரில் கிட்டங்கி என்போம். இங்கே பாண்டிகசாலை என்கிறார்கள். பெயர் எதுவானாலும் மணம் ஒன்றே. யூதர் தெருவில் 1957இல் தோன்றிய மிளகு வர்த்தகச் சங்கம் இருக்கிறது. அதன் கூடத்தில் ஒரு காலத்தில் தரகர்கள் நின்று கூவிக் கூவி வாயிதா வியாபாரம் செய்தார்கள். கணிப்பொறி வந்தது, கூவல் அடங்கியது.

மிளகு வியாபாரத்தின் இரகசியம் என்ன என்று ஒருநாள் அப்பாவைக் கேட்டேன்.

"பொறுமைதான், தம்பி. நன்றாகக் காய்ந்த மிளகு சீக்கிரம் கெடாது. விலை விழுந்தால் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். விற்கமாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவன்தான் வியாபாரி" என்றார்.

மின்சாரத்துக்கு இந்தப் பொறுமை கிடையாது. பிறந்த கணத்திலேயே அது செலவாக வேண்டும். நாடெங்கும் சுழலும் மின்னாக்கிகள் ஒரே தாளத்தில், வினாடிக்கு ஐம்பது அலைவு என்னும் கணக்கில், இணைந்து ஓடுகின்றன. செலவு மிகுந்தால் தாளம் மந்தமாகும். உற்பத்தி மிகுந்தால் துரிதமாகும். 2002, 2003ஆம் ஆண்டுகளில் மண்டலம் மண்டலமாக ஒரு புதிய முறையைப் புகுத்தினார்கள். ஒப்புக்கொண்ட அளவுக்கு மேல் மின்சாரம் எடுக்கும் மாநிலம் அதிகப்படிக்கு என்ன விலை தரவேண்டும் என்பதை அன்று அந்நேரத்து அலைவெண்ணே முடிவு செய்தது. அலைவெண் தாழ்ந்தால் விலை ஏறியது. தராசு முள்ளுக்குப் பதிலாக அலைவெண்! பௌதிக மாணவனுக்கு இதைவிட இனிக்கும் பொருளாதாரம் வேறு உண்டோ?

சந்தை வந்த கதை நீண்டது; சுருக்கமாகச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில மின்வாரியங்கள் பிறந்தன. கேரளத்து வாரியமும் சென்னை மாநில வாரியமும் ஒரே ஆண்டில், மிளகுச் சங்கம் பிறந்த அதே 1957இல், தோன்றின. உற்பத்தி, கடத்தல், விநியோகம் மூன்றும் ஒரே கையில் இருந்தன. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் இக்கட்டை அவிழ்த்தது. அனல் நிலையம் கட்ட உரிமம் தேவையில்லை என்றது. கம்பி யாருடையதாயினும் கூலி கொடுத்துப் பிறர் தம் மின்சாரத்தை அனுப்பலாம் என்றது. மின்சார வாணிபத்தைத் தனித் தொழிலாக்கியது. தமிழ்நாட்டு வாரியம் 2010இல் பிரிக்கப்பட்டது. கேரளம் 2013இல் தன் வாரியத்தைக் கம்பெனியாக்கியதே தவிரத் துண்டு போடவில்லை. அது பிடிவாதம் என்பாரும் உண்டு, முன்யோசனை என்பாரும் உண்டு. நான் இரண்டாம் கட்சி.

ஏலம் நடக்கும் விதத்தைப் பார்ப்போம். நாளைய பொழுதைப் பதினைந்து நிமிடம் வீதம் 96 கூறுகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு கூறுக்கும் இன்ன விலைக்கு இவ்வளவு தருவேன் என்று விற்பவரும், இன்ன விலைக்கு இவ்வளவு கொள்வேன் என்று வாங்குபவரும் முதல்நாள் பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுதிக் கொடுக்கிறார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. விற்போரைக் குறைந்த விலையிலிருந்து மேல்நோக்கியும், வாங்குவோரை உயர்ந்த விலையிலிருந்து கீழ்நோக்கியும் அடுக்கினால் இரு கோடுகளும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளியே விலை. இரண்டு ரூபாய் கேட்டவருக்கும் அதே விலை, எட்டு ரூபாய் கேட்டவருக்கும் அதே விலை. 2020 ஜூன் முதல் அரை மணிக்கு ஒருமுறை நடக்கும் உடனடி ஏலமும் சேர்ந்திருக்கிறது.

இதை அப்பாவிடம் காகிதத்தில் வரைந்து காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வாங்குகிறவன் வேண்டாம் என்று எழுந்து போக முடியுமா?"

முடியாது. அதுதான் பிரச்சினையே. மாலை ஏழு மணிக்கு மட்டாஞ்சேரியில் எந்த வீட்டுக்காரரும் பரிமாற்றகத்தின் விலையைப் பார்த்துவிட்டு மின்விசிறியை நிறுத்துவதில்லை. வெயிலடிக்கும் பகலில் சூரிய மின்சாரம் பெருகி விலை வீழ்ந்து கிடக்கும். பொழுது சாய்ந்ததும் அதே சரக்கு உச்சியில் நிற்கும். 2025இல் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் செலவிடும் கேரளத்து வீடுகளுக்குப் பகலில் ஒரு விலை, மாலை ஆறிலிருந்து பத்து வரை கூடுதல் விலை என்று வந்தது. அம்மா எங்கள் தெருத் தமிழ்க் குடும்பங்களுக்கு இட்லி மாவு அரைத்துக் கொடுக்கிறார். "பகலில் மலிவென்றால் கிரைண்டரைப் பகலில் ஓட்டுகிறேன். நீ படிக்கும் விளக்கையும் பகலில் ஏற்றி வைக்கவா?" என்று கேட்டார். பேராசிரியர்கள் பலர் பக்கம் பக்கமாக எழுதுவதை அம்மா ஒரு வரியில் முடித்துவிட்டார்.

சந்தையால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே கம்பி போதவில்லை என்பதை அது பச்சையாகக் காட்டிவிடும். தென்னிந்தியா வடக்கோடு ஒரே தாளத்தில் இணையாமல் தனித்திருந்த காலத்தில் வடக்கே மலிவாகக் கிடைத்த மின்சாரம் இங்கே வரப் போதிய வழியில்லை. எனவே நாம் அதிக விலை கொடுத்தோம். தனித்திருந்ததால் 2012 ஜூலை 30, 31ஆம் நாட்களில் வடநாடு இருளில் மூழ்கியபோது நாம் தப்பினோம் என்பதும் உண்மை. 2013 டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர் – சோலாப்பூர் கம்பியின் வழியாகத் தெற்கும் சேர்ந்தது. 2021இல் தமிழகத்துப் புகளூரிலிருந்து திருச்சூருக்கு 2,000 மெகாவாட் நேர்மின் கம்பி வந்தது. என்னைப்போலவே தமிழ்நாட்டிலிருந்து கேரளம் வந்த சரக்கு!

ஆனால் சந்தையை மட்டும் நம்பியவன் பாடு என்ன? 2022 மார்ச்சில் யூனிட் விலை இருபது ரூபாயைத் தொட்டது. ஏப்ரலில் மத்திய ஒழுங்குமுறை ஆணையம் பன்னிரண்டு ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. அடுத்த ஆண்டு அதைப் பத்தாக்கியது. போட்டியே விலையைக் காக்கும் என்றவர்கள் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவேண்டியதாயிற்று.

கேரளம் பட்டதும் அதே பாடுதான். 2014இல் யூனிட் ஐந்து ரூபாய்க்கும் குறைவாக, 25 ஆண்டுகளுக்கென்று 465 மெகாவாட் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. டெண்டர் விதிகள் மீறப்பட்டன என்று மாநில ஒழுங்குமுறை ஆணையம் 2023 மேயில் அவற்றை ஏற்க மறுத்தது. அரசு தலையிட்டு மீட்க முயன்றது. 2024 ஜூலையில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைச் செல்லாதென்றது. விதி விதியாகவே இருக்கட்டும். ஆனால் அதே 2023இல் தென்மேற்குப் பருவமழை மூன்றில் ஒரு பங்கு பொய்த்தது. கையிலிருந்த மலிவுச் சரக்கு போயிற்று, அணையில் தண்ணீரும் இல்லை. 2024 கோடையில் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியபோது மாலைச் சந்தையில் கேட்ட விலை கொடுத்தே தீரவேண்டியிருந்தது. கோடி வீட்டுக் கூரைவரை அச்சுமை 'சர்சார்ஜ்' என்ற பெயரில் சில காசுகளாகப் பரவியது.

வெளிநாட்டுப் பாடமும் இதுவே. 1998இல் சந்தை திறந்த கலிபோர்னியாவில் விநியோகக் கம்பெனிகள் நீண்டகால ஒப்பந்தங்களை விட்டு அன்றாடச் சந்தையிலேயே வாங்கும்படி ஆயிற்று. 2000, 2001ஆம் ஆண்டுகளில் மின் உற்பத்தியாளர் சிலர் நிலையங்களை நிறுத்தி வைத்து விலையை ஏற்றினார்கள். மின்சாரத்தைப் பூட்டி வைக்க முடியாது. ஆனால் மின்சாரம் பிறக்கும் இடத்தைப் பூட்ட முடியும் அல்லவா? அப்பாவின் 'விற்கமாட்டேன்' அங்கே அந்த வேடத்தில் வந்தது. அம்மாநிலத்தின் பெரிய விநியோகக் கம்பெனி 2001 ஏப்ரலில் திவாலாயிற்று.

இந்தியாவில் பரிமாற்றகங்கள் வழியாகக் கைமாறுவது மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கும் இல்லை. பெரும்பகுதி நீண்டகால ஒப்பந்தம்தான். நாடு முழுவதன் மின்சாரத்தையும் ஒரே ஏலக்கூடத்துக்குள் கொண்டுவரலாமென்று 2021இல் மத்திய மின்துறை ஒரு யோசனையை வெளியிட்டது. மலிவான நிலையம் முதலில் ஓடும், நிலக்கரி மிச்சமாகும் என்ற அதன் கணக்கு எனக்கு விளங்குகிறது. பௌதிகமும் அதை மறுக்காது. ஆயினும் எழுந்து போக முடியாதவனை முழுவதுமாக அக்கூடத்தில் உட்கார வைக்க என் மனம் ஒப்பவில்லை. அன்றாடப் பற்றாக்குறைக்கும் மிகுதிக்கும் ஏலம் நல்லது. அடிப்படைத் தேவைக்கு நீண்ட ஒப்பந்தமே நல்லது.

மேலும் கேரளத்துக்கு ஒரு கிட்டங்கி உண்டு, இடுக்கி! அணையில் நிற்கும் தண்ணீர் பொறுத்திருக்கும் மின்சாரம். மூலமட்டத்தில் 780 மெகாவாட் எந்திரங்களை நண்பகலில் ஓட்டாமல் மாலையில் ஓட்டுவது, மிளகை விலை ஏறும்வரை வைத்திருப்பதற்கு ஒப்பானது. இன்னொரு வழக்கமும் இருக்கிறது. மழைக்காலத்தில் நாம் வடமாநிலங்களுக்கு மின்சாரம் அனுப்புவோம். கோடையில் அவர்கள் திருப்புவார்கள். காசு இல்லை, சரக்குக்குச் சரக்கு. நம் தெருப் பெண்கள் அரிசியும் சர்க்கரையும் கைமாற்று வாங்குவதைப் போல! இதை அப்பாவிடம் சொன்னபோதுதான் அவருக்கு மின்சார வியாபாரத்தின்மேல் முதல்முறையாக மதிப்பு வந்தது.

இப்போது காசர்கோட்டு மயிலாட்டியில் 125 மெகாவாட் மின்கலத் தொகுதி வைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். பகல் வெயிலை நான்கு மணி நேரம் அடைத்துவைத்து மாலையில் திறக்கும் பெட்டி. இத்தகைய பெட்டிகள் இன்னும் பல வரும். பெட்டி யாருடையது, சாவி யார் கையில் என்று அப்பா கேட்டார். இடுக்கியின் சாவி வாரியத்திடம் இருக்கிறது என்றேன். "அது தெரியும். நான் கேட்டது புதுப் பெட்டியின் சாவியை" என்றார்.