ஓசைக்கும் உண்டு ஒரு தராசு



வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோர் கொண்டுவந்த ஸ்டீரியோ பெட்டிகள் நம் இல்லங்கள் பலவற்றில் இன்னும் இருக்கின்றன. உள்ளுறுப்புகள் பழுதாகி ஓய்ந்த பின்னரும், மரக்கூட்டில் அமைந்த ஸ்பீக்கர்கள் நல்ல நிலையிலேயே இருப்பதுண்டு. அவற்றுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயர் ஒன்று கிடைத்தால் போதும். ஆனால் 'ஏற்றது எது?' என்று கேட்டுப் பாருங்கள். கடைக்குக் கடை விடை மாறும்.

எங்கள் இல்லத்தில் இக்கேள்வி எழக் காரணம் ஒரு கேசட். மர்ஹூம் வாப்பா அவர்கள் மஃரிபுக்குப் பின் யாஸீன் ஓதியதை 1989இல் மச்சான் பதிவு செய்திருந்தார். வாப்பாவின் குரலாக எங்களிடம் எஞ்சியிருப்பது அந்த ஒரு நாடாதான். முதுமையால் செவிப்புலன் குறைந்துவரும் உம்மா, அதனைத் தெளிவாகக் கேட்க விரும்பினார்கள். சிறிய டேப்ரிக்கார்டரில் சப்தத்தைக் கூட்டினால் குரல் உடைந்தது. எழுத்துகளின் மக்ரஜ் புலப்படவில்லை.

கடைக்காரர் ஒருவர், '1000 வாட்' என்று அட்டையில் அச்சிட்ட கருவியைக் காட்டினார். அதன் விலையோ உம்மாவின் மூன்று மாத மருந்துச் செலவு! வாங்காமல் திரும்பி வந்து, ஸ்பீக்கரின் பின்புறம் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன். நீங்களும் முதலில் அதைத்தான் படிக்க வேண்டும். அதில் 8 ஓம், 50 வாட், 86 டெசிபெல் என்று மூன்று கணக்குகள் இருந்தன.

ஓம் என்பது மின்னோட்டத்திற்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. தடை குறையக் குறைய, ஆம்ப்ளிஃபயரிலிருந்து இழுக்கப்படும் மின்னோட்டம் கூடும். 8 ஓமுக்கென அமைந்த கருவியில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டிச் சப்தத்தைக் கூட்டினால், அது சூடேறி டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோகக்கூடும். 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டை ஒரே முனையில் பக்க இணைப்பாகச் சேர்த்தாலும் 4 ஓமாகிவிடும். அடுத்த அறைக்கும் ஒன்று வைக்க எண்ணுவோர் இதை மறத்தலாகாது. மாறாக, 4 ஓமைத் தாங்கும் கருவியில் 8 ஓமைத் தாராளமாக இணைக்கலாம். ஆற்றல் குறையுமேயன்றித் தீங்கில்லை.

அடுத்து வாட். அட்டையில் பெரிதாக அச்சிடப்படும் பி.எம்.பி.ஓ. என்னும் எண் விளம்பரத்திற்கானது. கருவி தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலை ஆர்.எம்.எஸ். என்ற அளவே காட்டும். அதனையே கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது டெசிபெல். எங்கள் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் ஊட்டினால், ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபெல் ஓசை எழும். நம் சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல்தான்! ஆற்றலை இருமடங்காக்கினாலும் 3 டெசிபெல்தான் கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே 20 வாட்டுக்கும் 40 வாட்டுக்கும் விலையில் உள்ள வேறுபாடு காதில் இராது. பக்கத்திற்கு 20 வாட் ஆர்.எம்.எஸ். தரும் கருவியே எங்கள் கூடத்திற்குப் போதுமென்று முடிவு செய்தேன்.

சிறிய கருவியால் பெரிய ஸ்பீக்கருக்கு ஆபத்தே இல்லை என்பார்கள். அது முழு உண்மையன்று. எல்லை மீறி முடுக்கினால் ஒலியலையின் தலை வெட்டுண்டு, டுவீட்டர் எரிந்துபோகலாம். ஓசை கரகரத்தால் உடனே குறைத்துவிடுங்கள்.

பள்ளிவாசலில் பழைய ஆம்ப்ளிஃபயர் சும்மாதானே கிடக்கிறது என்று ஒருவர் யோசனை சொன்னார். அது வக்ஃபு சொத்து என்பது ஒருபுறமிருக்க, அத்தகைய கருவிகளில் உள்ள 100 வோல்ட் முனை, டிரான்ஸ்ஃபார்மர் பொருத்திய ஸ்பீக்கர்களுக்கு உரியது. வீட்டு ஸ்பீக்கரை அதில் நேராக இணைத்தலாகாது.

வாங்கிய கருவிக்கு, கடைக்காரர் சொன்னதில் பாதி விலைகூட ஆகவில்லை. சிவப்பு முனைக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரு பக்கமும் ஒன்றுபோல் இணைத்தோம். ஒன்று மாறினாலும் அடித்தொனி மெலிந்துவிடும். வாப்பாவின் குரல் கூடத்தில் எழுந்தது. ஆயத்தின் முடிவில் அவர்கள் மூச்சு வாங்கும் ஓசைகூடக் கேட்டது. "ஒங்க வாப்பாவுக்கு அப்பவே இளைப்பு இருந்திருக்கு" என்றார்கள் உம்மா. பின்னர் மறுபடியும் ஒருமுறை வைக்கச் சொன்னார்கள்.

சூரத்துர் ரஹ்மானில் இறைவன் மீஸானை, அதாவது தராசை, நினைவூட்டுகின்றான். லுக்மான் (அலை) அவர்கள் மகனுக்குச் செய்த உபதேசத்தில் குரலைத் தாழ்த்துவதும் ஒன்று. நம் வீட்டு ஓதல், அண்டை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்க வேண்டியதில்லை. தேவைக்கு மேல் வாங்குவதும், தேவைக்கு மேல் ஒலிக்கச் செய்வதும் ஒரே வகை வீண்விரயம்தான்.

உங்கள் இல்லத்திலும் மறைந்த பெரியோரின் குரல் பதிந்த நாடா இருக்கலாம். அது நாளடைவில் மங்கிப்போகும். இன்றே கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். கேட்கும் வேளையில் அவர்களுக்காகத் துஆச் செய்ய மறவாதீர்கள். வஸ்ஸலாம்.